அம்மம்மாவும் எலிக்குட்டிகளும்

மதிப்பிற்குரிய ஐயா,
2009 இல் போரின்போது மாத்தளனில் கணவரை இழந்தபோது என் மகன் கைக்குழந்தை. அந்த அதிர்ச்சியில் நான் அவனைத் தூக்கவே இல்லை. மெனிக் பாம் முகாமிலும் அம்மாதான் அவனை வளர்த்தார். சிறுவயதில் பாசம் கிடைக்காதவர்களுக்குப் பின்னாளில் இருதய நோயும் சலரோகமும் வருமென்று படித்தேன். அவனுக்கு இப்போது அடிக்கடி வயிற்றுவலி. நான்தான் காரணமா?
ஒரு தாய், புதுக்குடியிருப்பு

அன்புள்ள தங்கைக்கு,

வயிற்றுவலியை வைத்தியரிடம் காட்டுங்கள். அது என் வேலையல்ல. நீங்கள் படித்தது பொய்யுமல்ல. சிறுவயதுத் துன்பங்கள் கூடக்கூட இருதய நோய், புற்றுநோய், நுரையீரல் நோய் ஆகியவையும் கூடுவதை, பெலிட்டி, அண்டா என்ற மருத்துவர்கள் அமெரிக்காவின் சான் டியாகோவில் செய்து 1998 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆனால் அது ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. ஒரு பிள்ளையின் சாதகமல்ல. அவர்களுடைய கேள்விக்கொத்தில் போரைப் பற்றி ஒரு கேள்விகூட இருக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, மாத்தளனில் பங்கருக்குள் கிடந்த ஒரு தாய் தன்னைத்தானே குற்றவாளியாக்குவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

என்னுடைய நெடுநாள் வழக்கு வேறு. பிணைப்பு என்றாலே பெற்றவள்தான் என்று ஏன் முடிவுகட்டுகிறோம்? கனடாவின் மொன்றியலில் மைக்கேல் மீனி என்ற ஆய்வாளரின் குழுவினர் எலிகளைக் கவனித்தார்கள். தாய் அதிகம் நக்கி வளர்த்த குட்டிகளுக்கு, வளர்ந்தபின் நெருக்கடி வேளையில் சுரக்கும் இயக்குநீர் விரைவில் அடங்கியது. குறைவாக நக்கப்பட்டவற்றுக்கு அது நீண்டு நின்றது. மனிதரிலும் அச்சுரப்பு ஓயாமல் நீடித்தால் காலப்போக்கில் இரத்த அழுத்தமும் சீனியும் ஏறக்கூடும். பிறகு குட்டிகளை மாற்றி வைத்தார்கள். குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்து, அதிகம் நக்குபவளிடம் வளர்ந்த குட்டி, வளர்த்தவளின் சொந்தக் குட்டிகளைப் போலவே ஆனது. ருமேனியாவில் அநாதை இல்லங்களிலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகளில், இரண்டு வயதுக்கு முன்னரே போனவர்களின் உடல் நெருக்கடியை எதிர்கொள்ளும் விதம் பெரிதும் சீரானது; அவர்களை அணைத்து வளர்த்தவர்கள் எவரும் பெற்றவர்களல்லர்.

என்னையும் முள்ளியவளையில் அம்மம்மாவே வளர்த்தார். முட்டு இழுக்கும் இரவுகளில், கதவுநிலையில் முதுகைக் கொடுத்து, என்னை நெஞ்சோடு சாய்த்தபடி விடியும்வரை இருப்பார். அந்த நெஞ்சின் சூட்டுக்கு மூச்சு மெல்ல மெல்ல இறங்கிவரும்.

உங்கள் மகனுக்கும் அப்படியொருவர் இருந்திருக்கிறார். அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே வரி! மருமகனைப் பறிகொடுத்து, பேச்சற்றுப்போன மகளையும் பச்சைக்குழந்தையையும் சேர்த்துச் சுமந்த அந்த உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? அவருடைய பிறசரை யாராவது பார்க்கிறார்களா? மகனைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போகும் நாளில் அம்மாவையும் கூட்டிச் செல்லுங்கள்.