ஜன்னலில் குளவிக்கூடு, வீட்டில் சண்டை

கேள்வி: எனக்கு 31 வயது. சிறுவயதிலிருந்தே பூச்சி, சிலந்தி, தேள் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் எனக்கு. குளவிகள் மேல் அதைவிடப் பிரியம். எங்கள் படுக்கையறை ஜன்னலின் மேல்விளிம்பில் காகிதக் குளவிகள் கூடு கட்டியிருக்கின்றன. அரை அடி தூரத்தில் நின்று தினமும் படம் எடுக்கிறேன். கிட்டே போனதும் எல்லாம் ஒரே நேரத்தில் கேமராவைப் பார்த்து இறக்கையைத் தூக்கி நிற்கும், அவ்வளவு அழகு! கணவர் ஸ்பிரே வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். குளவிகளால் வரும் நன்மைகளை எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு ஏறவில்லை. நான்கு வயது மகன் என்னைப் பார்த்து எதையும் கையில் எடுக்கப் பார்க்கிறான். போன மாதம் ஒரு குளவி என் கையில் கொட்டியது. கை வீங்கியது, வயிற்றிலும் முதுகிலும் கொஞ்சம் தடிப்பு வந்து மறைந்தது. கொட்டும் வலியை அளந்து பட்டியல் போட்ட விஞ்ஞானியைப் பற்றிப் படித்ததிலிருந்து, நானும் வேண்டுமென்றே கொட்டவிட்டுக் குறிப்பெழுதலாமா என்று ஆசையாக இருக்கிறது. இது ஏதாவது மனநோயா? கணவருக்கு எப்படிப் புரியவைப்பது? ஜாடியில் ஒரு குதிக்கும் சிலந்தியும் வைத்திருக்கிறேன். எத்தனை நாள் வைக்கலாம்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

மனநோயா என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி இருக்கிறது, "வயிற்றிலும் முதுகிலும் கொஞ்சம் தடிப்பு" என்று. கடிதம் முழுவதிலும் எனக்குக் கவலை தந்தது அதுதான்.

குளவி கொட்டினால் கொட்டிய இடம் சிவந்து வீங்குவது இயல்பு. சிலருக்கு முழங்கை வரைகூட வீங்கும். அது தொல்லைதான், பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் கொட்டியது கையில், தடிப்பு எழும்பியது முதுகில் என்றால் கதை வேறு. விஷம் உடம்பு முழுவதும் ஓர் ஒவ்வாமையைக் கிளப்பியிருக்கிறது என்று பொருள். அடுத்த முறை இதே அளவில் நிற்கலாம், இதைவிட மோசமாகவும் போகலாம். முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. எனவே, முதல் வேலையாக ஒவ்வாமை மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். தோலிலும் ரத்தத்திலும் சோதனை செய்வார்கள். ஒவ்வாமை உறுதியானால், எப்போதும் கூடவே வைத்துக்கொண்டு அவசரத்தில் போட்டுக்கொள்ள அட்ரினலின் ஊசி தரலாம். விஷத்தையே மிகச் சிறிய அளவில் தொடங்கி, பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஊசியாகப் போட்டு உடம்பைப் பழக்கும் சிகிச்சையும் இருக்கிறது. நன்றாகவே பலன் தருகிற சிகிச்சை அது. உங்களைப் போன்றவர் குளவிகளோடு தொடர்ந்து பழக வேண்டுமென்றால் அதுதான் நேர்வழி.

இதற்கிடையே இன்னொரு முறை கொட்டி, மூச்சு திணறினாலோ, நாக்கோ தொண்டையோ வீங்கினாலோ, தலை சுற்றினாலோ "பார்க்கலாம்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அரிப்புக்குப் போடுகிற அலர்ஜி மாத்திரை அந்த நேரத்தில் அட்ரினலின் ஊசிக்கு ஈடாகாது.

இப்போது உங்கள் ஆசைக்கு வருவோம். நீங்கள் படித்தது அமெரிக்கப் பூச்சியியலாளர் ஜஸ்டின் ஷ்மிட்டைப் பற்றி. 2023இல் காலமானார். தேனீ கொட்டும் வலிக்கு 2 என்று வைத்து, அதை அளவுகோலாகக் கொண்டு மற்றவற்றைக் கூட்டியும் குறைத்தும் மதிப்பிட்டார். உச்சம் 4. புல்லட் எறும்பும், பெரிய டரான்டுலா சிலந்திகளை வேட்டையாடும் குளவியும் அந்த உச்சியில் இருக்கின்றன. ஆனால் அவர் தினமும் காலையில் எழுந்து, இன்றைக்கு யாரிடம் கொட்டு வாங்கலாம் என்று கிளம்பியவர் அல்ல. அவர் வாங்கியதில் பெரும்பாலானவை பூச்சிகளைச் சேகரிக்கும் வேலையில் தற்செயலாகப் பட்டவை. வேண்டுமென்றே பட்டவர் மைக்கேல் ஸ்மித் என்ற இன்னொரு ஆராய்ச்சியாளர். தேனீக்களைப் பிடித்துத் தன் உடம்பில் 25 இடங்களில் கொட்டவிட்டு, எங்கே அதிகம் வலிக்கிறது என்று பார்த்தார். மூக்குத் துளைக்குத்தான் முதலிடம், அதற்கடுத்து மேலுதடு. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசு 2015இல் இருவருக்கும் சேர்ந்தே கிடைத்தது. அவர்கள் பட்டு எழுதிவிட்டார்கள், நாம் படித்துக்கொள்வோம். தவிர, அந்தப் பட்டியல் அளப்பது வலியை மட்டும்தான். டரான்டுலா குளவி கொட்டினால் துடித்துப் போவார்களாம், சில நிமிடங்களில் அடங்கிவிடும். பட்டியலின் நடுவில் இருக்கும் சாதாரணத் தேனீயோ ஒவ்வாமை உள்ளவரின் உயிரையே எடுத்துவிடலாம். உங்கள் உடம்பு எந்தப் பக்கம் என்று தெரியாத நிலையில் வேண்டுமென்றே கொட்டவிடுவது ஆராய்ச்சி ஆகாது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

கூட்டுக்கு வருகிறேன். நீங்கள் அழகு என்று ரசித்த அந்தக் காட்சி இருக்கிறதே, எல்லாக் குளவிகளும் திரும்பி உங்களைப் பார்த்து இறக்கையைத் தூக்கி நிற்பது? அது மிரட்டல். "இன்னும் ஒரு அடி வைத்தால் வருவோம்" என்று சொல்கின்றன. அரை அடி தூரத்தில் உங்கள் மூச்சுக்காற்றே அவற்றை உசுப்பப் போதும். இத்தனை நாள் பொறுத்துக்கொண்டது குளவிகளின் பெருந்தன்மை.

உங்கள் கணவர் விஷயத்தில் நான் உங்கள் கட்சி இல்லை. குளவிகள் பயிர்ப்புழுக்களைத் தின்னும், மகரந்தம் சுமக்கும் என்றெல்லாம் அவருக்குப் பாடம் எடுத்திருக்கிறீர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் கேட்பது, பையன் தூங்குகிற அறையின் ஜன்னலில் இது இருக்கலாமா என்று. அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை, ஏனென்றால் இருக்கக் கூடாது. சின்னக் குழந்தை, ஒருமுறை தடிப்பு வந்த தாய், அடிக்கடி திறந்து மூடுகிற ஜன்னல். இந்தக் கூட்டை எடுத்துவிட வேண்டியதுதான். அவருக்கும் ஒன்று சொல்லுங்கள்: ஏணியில் ஏறிப் பட்டப்பகலில் ஸ்பிரே அடிப்பது வீரம் இல்லை. கூடு கலைந்தால் குளவிகள் மொத்தமாகக் கிளம்பும், ஏணியிலிருந்து தப்பி ஓட வழியும் இருக்காது. இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் பாதுகாப்பு உடையோடு வந்து எடுக்கட்டும். அன்றைக்கு நீங்களும் பையனும் வீட்டில் இல்லாமல் இருப்பது நல்லது.

இப்படிச் சொன்னதும் உங்கள் முகம் வாடியிருக்கும். குளவிகளை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, கூட்டமாக வாழாத குளவிகள் பக்கம் திரும்புங்கள் என்கிறேன். குளவி இனங்களில் மிகப் பெரும்பாலானவை தனியாக வாழ்பவைதான். கூட்டுக் குளவி காப்பாற்றுவது ஒரு குடும்பத்தையே, அதனால் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் பாயும். தனிக் குளவிக்கு அப்படி இல்லை. அது செத்தால் அதன் வம்ச வேலை அங்கேயே நின்றது. ஆகவே நம்மைக் கண்டால் விலகிப் போகும். கையில் பிடித்து அழுத்தினாலொழியக் கொட்டுவது அரிது. அதன் கொடுக்கு முக்கியமாக இரைக்காக. (கொடுக்கு என்பதே முட்டையிடும் உறுப்பு மாறி வந்ததுதான். அதனால் ஆண் குளவிக்குக் கொட்டவே தெரியாது.)

சுவரில் மண்ணை உருட்டி வந்து அறை அறையாகக் கட்டும் குளவியைப் பார்த்திருப்பீர்கள். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சொல்வார்களே, அதற்கு இந்த மாதிரிக் குளவிகள்தான் காரணம். புழுவைக் கொண்டுபோய் உள்ளே வைத்து மூடியதையும், பிறகு உள்ளிருந்து ஒரு குளவி வெளியே வந்ததையும் முன்னோர்கள் பார்த்தார்கள். இரண்டும் சரியான கவனிப்பு. நடுவில் நடப்பதுதான் கொடூரம். குளவி கொட்டியதில் புழு சாவதில்லை, செயலிழந்து கிடக்கிறது. அதனால் அழுகுவதும் இல்லை. அதே அறைக்குள் இட்ட முட்டையிலிருந்து வரும் குஞ்சு, புத்தம்புது உணவாக அதைத் தின்று வளர்கிறது. புழுவுக்குப் பதில் சிலந்திகளையே அறை நிறைய அடுக்கும் குளவிகளும் உண்டு. சிலந்தி, குளவி இரண்டையும் நேசிக்கும் உங்களுக்கு இதில் யார் பக்கம் நிற்பது என்று சங்கடமாக இருக்கும்!

மரகதப் பச்சையில் மின்னும் ஒரு குளவி இருக்கிறது. கரப்பான்பூச்சியை முதலில் மார்பில் கொட்டி முன்கால்களை மரத்துப்போக வைக்கும். அடுத்த கொட்டு நேராக மூளைக்கு. அதற்குப் பிறகு கரப்பானுக்கு நடக்க முடியும், ஆனால் தானாக நடக்கத் தோன்றாது. குளவி அதன் உணர்கொம்பைப் பிடித்து, கயிற்றில் மாட்டை ஓட்டிப்போவதுபோலத் தன் பொந்துக்கு அழைத்துப் போகும். மூளை அறுவை சிகிச்சை நிபுணருக்குத் தேவையான துல்லியம், இத்தனை சிறிய உடம்பில்.

ஆஸ்திரேலியாவில் மூடி வைத்த வளைக்குள் வாழ்ந்த ஒரு சிலந்தியின் கதையையும் கேளுங்கள். பெயர் கிடையாது, 'எண் 16' என்று அடையாளம். பார்பரா யார்க் மெயின் என்ற ஆராய்ச்சியாளர் 1974இல் அந்த இடத்தில் தொடங்கிய கண்காணிப்பில் அதன் வளையும் ஒன்று. 2016இல் 43 வயதில் அது இறந்தபோது, அறியப்பட்ட சிலந்திகளிலேயே மிக மூத்தது அதுதான். முதுமையால் சாகவில்லை. வளையின் மூடியில் துளை இருந்தது, குளவியின் வேலை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, தொடாமல் குறிப்பெடுத்ததால் கிடைத்த அறிவு இது. குறிப்பெழுதும் ஆசை உங்களுக்கு இருக்கிறதல்லவா, அதை இந்த வழியில் காட்டுங்கள்.

மருத்துவர் சரி என்ற பிறகு செய்து பார்க்க ஒன்று. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த நிக்கோ டின்பெர்கன், பின்னாளில் 1973இல் நோபல் பரிசு பெற்றவர், மணலில் வளை தோண்டும் ஒரு குளவியின் வாசலைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக வைத்தார். குளவி வட்டத்துக்குப் பழகியதும், அது வேட்டைக்குப் போன நேரம் பார்த்து வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். திரும்பி வந்த குளவி காலி வட்டத்தின் நடுவில் இறங்கி வாசலைத் தேடியது. வழியை அடையாளங்களால் நினைவு வைக்கிறது என்று புரிந்தது. இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, நாலைந்து காய்களும் பொறுமையும் போதும். விலகி நின்று பையனும் பார்க்கலாம். ஆனால் எந்தப் பொந்திலும் கைவிடக் கூடாது, எதையும் வெறுங்கையால் எடுக்கக் கூடாது என்பதை அவன் உங்களிடமிருந்துதான் கற்க வேண்டும். நீங்கள் கையில் எடுக்கிற வரை அவனும் எடுப்பான்.

மனநோயா? இல்லை. மரியா சிபில்லா மெரியன் 13 வயதில் பட்டுப்புழு வளர்த்துப் படம் வரையத் தொடங்கியவர். 1699இல், 52 வயதில், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு பூச்சிகளைப் பார்ப்பதற்காகவே கப்பலேறித் தென்அமெரிக்காவின் சூரினாமுக்குப் போனார். புழு எப்படி வண்ணத்துப்பூச்சியாகிறது என்பதை, அது தின்னும் செடியோடு சேர்த்து வரைந்து காட்டியவர். உங்கள் ஆர்வம் அந்த வரிசையைச் சேர்ந்தது. உறக்கத்தையோ வேலையையோ அது கெடுக்காதவரை யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கணவருக்கும் பூச்சி பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்று ஓர் இடத்தை இருவரும் பேசி முடிவு செய்தால் போதும். படுக்கையறை அவருடைய பக்கம் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

ஜாடிச் சிலந்தி: ஓரிரு நாள் போதும். மூடியில் நுண்ணிய துளைகள், உள்ளே ஈரப்பஞ்சு ஒன்று. வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். எதிரே ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். ஆணாக இருந்தால் தன் பிம்பத்தைப் போட்டிக்கு வந்தவன் என்று நினைத்து முன்கால்களைத் தூக்கி ஆடக்கூடும். அப்புறம் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.