ஸ்டேஷன் வாசலும் ஓ.பி. வாசலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். இந்த முறை வந்த கடிதங்கள் அநேகமாக எல்லாமே ஒரே பயத்தில் எழுதப்பட்டவை: "வீட்டில் இருக்கிற பிள்ளை கேஸில் மாட்டிக்கொள்வானோ?" அந்தப் பயம் நியாயமானது. சிகிச்சை விட்டுப்போன இடத்தில்தான் பெரும்பாலும் போலீஸ் வந்து நிற்கிறது.

என் மகனுக்கு 24 வயது. மனச்சிதைவு நோய். நாலு மாதமாக மாத்திரை போடவில்லை. போன வாரம் பக்கத்து வீட்டு பைக்கை உடைத்துவிட்டான். புகார் கொடுத்திருக்கிறார்கள், எஸ்.ஐ. நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறான். (மயிலாடுதுறை பக்கத்திலிருந்து ஒரு தாய்)

அம்மா, ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அது தூரம் என்றால் தாலுகா மருத்துவமனையில் விசாரியுங்கள். எங்கள் குழு குறிப்பிட்ட நாட்களில் அங்கே வரும், மாத்திரை இலவசம். அவன் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது பழைய சீட்டோடு போய் டாக்டரிடம் நிலைமையைச் சொல்லுங்கள்.

அவன் சம்மதம் இல்லாமலும் சேர்க்க வழி இருக்கிறது. அவன் வேறு யாரையும் நியமிக்காதவரை, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி உறவினரான நீங்களே அவனுடைய நியமனப் பிரதிநிதியாக, அதாவது சிகிச்சை விஷயத்தில் அவன் சார்பில் பேசுபவராக, இருக்கலாம். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருக்கிறான் என்று மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பார்த்துச் சொன்னால், 89-ஆம் பிரிவின்கீழ் 30 நாள் வரை உள்நோயாளியாக வைக்கலாம். நள்ளிரவில் நிலைமை கைமீறினால் 94-ஆம் பிரிவு இருக்கிறது. மனநல மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை, பதிவு பெற்ற எந்த மருத்துவரும் உங்கள் சம்மதத்தோடு 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். ஆம்புலன்ஸுக்கு 108, போலீஸுக்கு 100. எதைக் கூப்பிட்டாலும் "மனநோய்க்கு சிகிச்சையில் இருப்பவர், மாத்திரை விட்டுப்போய்விட்டது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்பதே அதில் மாறிவிடும்.

அடுத்தது காகிதம். நோயை ஸ்டேஷனில் மறைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பெண் பார்க்க வேண்டும், ஊரில் பேசுவார்கள் என்று மறைக்கிறார்கள். ஒருமுறை ஒரு தாயோடு துணைக்குப் போயிருந்தேன். அவர் மஞ்சப்பையைத் திறந்து காலி மாத்திரை அட்டைகளை மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒவ்வோர் அட்டையின் பின்பக்கமும் வாங்கிய தேதி பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது. கடைசி அட்டைக்குப் பிறகு இரண்டரை மாதம் இடைவெளி. எஸ்.ஐ. அந்தத் தேதிகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேசினார். உடைந்த கண்ணாடிக்குப் பணம் கொடுத்து, சி.எஸ்.ஆர். (எஃப்.ஐ.ஆர். போடாமல் புகாரைப் பதிந்து தரும் ரசீது) அளவிலேயே முடிந்தது. எல்லா ஸ்டேஷனிலும் இப்படி முடியாது. ஆனாலும் ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டை மூன்றையும் நகல் எடுத்து வையுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் 15100-க்குக் கூப்பிடுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் தரும். மனநோயாளிக்கு இலவச சட்ட உதவி அதே 2017 சட்டத்தின் 27-ஆம் பிரிவு தரும் உரிமை.

மனநல சர்டிபிகேட் வாங்கிவிட்டால் தம்பியின் கேஸ் தள்ளுபடி ஆகிவிடும் என்கிறார் ஒருவர். உண்மையா?

இல்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இரண்டு விஷயத்தை இங்கே குழப்பிக்கொள்கிறார்கள். சம்பவம் நடந்த நேரத்தில், தான் செய்வது என்ன, அது தவறு என்றுகூடப் புரியாத நிலையில் இருந்தாரா என்பது ஒன்று. அதுதான் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவின் 22-ஆம் பிரிவு. நோய் இருக்கிறது என்பது மட்டும் இதற்குப் போதாது. அந்த நேரத்து மனநிலையைக் காட்ட வேண்டும். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் ஒட்டிய நாட்களின் ஓ.பி. பதிவு அதனால்தான் முக்கியம். இன்னொன்று, விசாரணையின்போது நடப்பதைப் புரிந்துகொண்டு வாதாடும் நிலையில் இருக்கிறாரா என்பது. இல்லையென்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 367-ஆம் பிரிவு முதல் சொல்லப்பட்டுள்ளபடி நீதிமன்றம் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பும், விசாரணையைத் தள்ளிவைக்கும். கேஸ் தள்ளிப்போகிறதே தவிர தள்ளுபடி ஆவதில்லை.

அண்ணன் தெருவில் போகிறவர்கள்மேல் கல்லெறிகிறார். கேஸ் வரக்கூடாது என்று திண்ணைத் தூணில் சங்கிலி போட்டிருக்கிறோம். தவறா?

தவறு. இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்துபோனார்கள். அவர்களையும் 'பாதுகாப்புக்கு' என்றுதான் கட்டியிருந்தார்கள். எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017 சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. கேஸுக்குப் பயந்து கட்டிவைத்தால், கேஸ் உங்கள்மேல் வரும். வீட்டில் ஒருவர் கொடுமைப்படுத்தப்பட்டாலோ கவனிப்பாரற்று இருந்தாலோ யார் வேண்டுமானாலும் ஸ்டேஷனில் சொல்லலாம், அங்கிருந்து மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை போகும். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அண்ணனைத் தனியாகக் கூட்டிப்போக முடியாவிட்டால் உங்களுக்கே இந்த வழி உதவும். சிகிச்சைக்குக் கொண்டுசெல்லும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம்.

17 வயது மகனை கஞ்சா பொட்டலத்தோடு பிடித்துவிட்டார்கள். வாழ்க்கையே போய்விட்டதா?

போகவில்லை ஐயா. முதலில் பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ எடுத்துக்கொண்டு ஓடுங்கள். 18 நிரம்பாதவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். கொடுங்குற்றமோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததோ இல்லையென்றால், எஃப்.ஐ.ஆர். போடாமல் பொது நாட்குறிப்பில் பதிந்து, குடும்பப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புவதுதான் விதி. சொந்த உபயோகத்துக்கான சிறு அளவு என்றால் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவும் உண்டு. அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சையை முழுதாக முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகும். போதை மீட்பு உதவி எண் 14446-ல் பேசுங்கள். அவனை அடிக்காதீர்கள்.

தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் வரும் என்று மகளை தனியார் கிளினிக்கிலேயே வைத்திருக்கிறோம்.

உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆம் பிரிவு 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தில் இல்லை. மருத்துவமனை ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்பும், ஒரு வாக்குமூலம் வாங்குவார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்தபிறகும் அவளைத் தனியே விடாதீர்கள். உதவி எண்கள் 14416, 104 இரண்டிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மகன் ரிமாண்டில் இருக்கிறான். உள்ளே மாத்திரை கிடைக்கிறதா என்றே தெரியவில்லை.

மருந்துச் சீட்டின் நகலை மனுவோடு சேர்த்துச் சிறை மருத்துவ அலுவலருக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த ரிமாண்ட் நீட்டிப்பின்போது வக்கீல் இதை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லட்டும். ஜாமீன் கிடைக்கும் நாளை எங்கள் குழுவுக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். வெளியே வந்த முதல் வாரத்தில் மாத்திரை விட்டுப்போனால் மறுபடி அதே ஸ்டேஷனில்தான் போய் நிற்போம்.

நான் தலைமைக் காவலர். பேருந்து நிலையத்தில் இரவு ஒரு பெண் தனியாகப் பேசிக்கொண்டு, பயணிகளைத் திட்டிக்கொண்டு நிற்கிறார். பெட்டி கேஸ் (சில்லறை வழக்கு) போடச் சொல்கிறார்கள். மனசு வரவில்லை.

உங்கள் மனசு சொல்வதையேதான் 2017 மனநலச் சட்டத்தின் 100-ஆம் பிரிவும் சொல்கிறது. பெண் காவலரை அழைத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசேருங்கள். லாக்கப்பில் ஒரு மணி நேரம்கூட வைக்கக் கூடாது. அவரைப் பரிசோதிப்பது பொறுப்பு மருத்துவரின் கடமை. "இங்கே முடியாது" என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். வீடற்றவர் என்றால் காணாமல்போனவர் என்று எஃப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தைத் தேடும் பொறுப்பு உங்கள் நிலையத்துடையது. அவர் திட்டுவதையும் காது கொடுத்துக் கேளுங்கள். இப்படி வந்த ஒரு அம்மா ஒரே டீக்கடைப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை வைத்துத்தான் அவருடைய ஊரைக் கண்டுபிடித்தோம். வாயில் வரும் ஊர், சாமி, கடைப் பெயர்களை அப்படியே நோட்டில் எழுதி, ஒரு நகலை வார்டு நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். காலையில் நாங்கள் அங்கிருந்து தேட ஆரம்பிக்கிறோம்.