‘இட் இஸ் ஸ்ட்ரேஞ்ச் தட் ரவி லெஃப்ட்’ என்பதில் ‘இட்’ எதைக் குறிக்கிறது?

கேள்வி இதுதான்: ‘ரவி போய்விட்டது விநோதமாக இருக்கிறது’ என்று தமிழில் நேராகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் மட்டும் ஏன் முன்னால் ஒரு ‘இட்’ வருகிறது, அது எதைச் சுட்டுகிறது, மொழியியல் இதை எப்படி விளக்குகிறது?

எதையும் சுட்டவில்லை. எழுவாய்க்கான இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக வந்து உட்கார்ந்திருக்கும் சொல் அது. இதை எக்ஸ்பிளீட்டிவ் என்பார்கள். ‘தட் ரவி லெஃப்ட்’ என்ற துணைவாக்கியம் கடைசிக்குப் போவதற்கு எக்ஸ்ட்ராபொசிஷன் என்று பெயர். டென்மார்க்கைச் சேர்ந்த இலக்கண அறிஞர் யெஸ்பர்சன் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்.

நான் பல வருடங்களாக ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிறேன். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ஒரு சின்ன சோதனை செய்யச் சொல்வேன். மேசைமேல் இருக்கும் பெட்டியைப் பற்றி ‘இட் இஸ் ஹெவி’ என்கிறீர்கள். ‘வாட் இஸ் ஹெவி?’ என்று திருப்பிக் கேட்கலாம், பெட்டி என்று பதில் வரும். இப்போது நம் வாக்கியத்தில் ‘இட்’டை எடுத்துவிட்டு, மற்றதை அப்படியே வைத்துக் கேட்டுப் பாருங்கள்: ‘வாட் இஸ் ஸ்ட்ரேஞ்ச் தட் ரவி லெஃப்ட்?’ ஆங்கிலமே இல்லை. பொருள் உள்ள சொல்லைத்தான் கேள்வியாக மாற்ற முடியும். இந்த ‘இட்’டுக்குள் கேட்டு வாங்க எதுவும் இல்லை. (மொழியியலாளர் பொலிஞ்சர் 1977இல் இதை மறுத்தார். ‘இட்’டுக்கு மிகப் பொதுவான ஒரு பொருள் உண்டு என்பது அவர் வாதம். எனக்கு இந்தச் சோதனைதான் வலுவாகப் படுகிறது.)

அந்தத் துணைவாக்கியம் எங்கிருந்து கடைசிக்குப் போனது? 1960களில் ரோசன்பாம் என்ற மொழியியலாளர் சொன்ன விளக்கம் அழகானது. தொடக்கத்தில் ‘இட்’டும் துணைவாக்கியமும் எழுவாய் இடத்தில் ஒன்றாகவே இருக்கின்றன. துணைவாக்கியம் வலப்பக்கம் நகர்ந்தால் ‘இட்’ தனியாக நிற்கும். நகராவிட்டால் ‘இட்’ அழிந்து, ‘தட் ரவி லெஃப்ட் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ என்று வரும்.

கொஞ்ச காலத்திலேயே எமண்ட்ஸ் என்ற இன்னொரு மொழியியலாளர் இதைத் தலைகீழாகத் திருப்பினார்: துணைவாக்கியம் முதலிலிருந்தே கடைசியில்தான் இருக்கிறது, அங்கிருந்துதான் முன்னால் வருகிறது என்றார். அவர் பக்கம் ஒரு நல்ல சான்று இருக்கிறது. எழுவாய் என்றால் கேள்வி வாக்கியத்தில் ‘டிட்’டுக்கு அடுத்து வர வேண்டும், ‘டிட் ரவி லீவ்?’ என்பதில் ரவி வருவதுபோல. ஆனால் ‘டிட் தட் ரவி லெஃப்ட் அப்செட் யூ?’ என்று யாரும் பேசுவதில்லை, ‘டிட் இட் அப்செட் யூ தட் ரவி லெஃப்ட்?’ என்றுதான் வரும். அப்படியென்றால் எழுவாய் இடத்தில் அந்தத் துணைவாக்கியம் எப்போதுமே சரியாகப் பொருந்தவில்லை. 1978இல் கோஸ்டர் என்ற மொழியியலாளர் இன்னும் ஒரு படி போய், எழுவாயாக வரும் துணைவாக்கியம் என்று ஒன்று கிடையாது என்றார். வாக்கியத்தின் முதலில் அது வந்தாலும் வெளித்திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே எழுவாய் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வேறொன்று இருக்கிறது என்பது அவர் கருத்து. நாம் ‘ரவி போனான் பாருங்க, அதுதான் விநோதம்’ என்று பேசுவோமே, அதில் முதல் பாதி தனியாக நிற்கிறதல்லவா, கிட்டத்தட்ட அப்படி.

‘தோன்று’ என்ற பொருளுடைய ‘சீம்’ என்ற வினையில் இது இன்னும் தெளிவு. ‘இட் சீம்ஸ் தட் ரவி லெஃப்ட்’ சரி, ‘தட் ரவி லெஃப்ட் சீம்ஸ்’ தவறு. ஆனால் ‘ரவி சீம்ஸ் டு ஹேவ் லெஃப்ட்’ என்று ரவியையே முன்னுக்கு இழுத்துவிட்டால் ‘இட்’ தேவையே இல்லை. இடம் நிரம்ப வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஏன் நிரம்ப வேண்டும்? ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் வேண்டும் என்பதை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க மொழியியலாளர் சாம்ஸ்கி ஒரு பொதுக் கொள்கையாகவே வைத்தார். நேர்மையாகச் சொன்னால், அது நடப்பதைத் துல்லியமாகச் சொல்கிறது, ஏன் நடக்கிறது என்பதைச் சொல்லவில்லை. ஜெர்மனைப் பார்த்தால் சிக்கல் புரியும். ‘நடனம் நடந்தது’ என்ற பொருளில் ‘எஸ் வுர்டெ கெடான்ட்ஸ்ட்’ என்பார்கள், இதில் ‘எஸ்’தான் ஜெர்மனின் ‘இட்’. முன்னால் ‘இங்கே’ என்ற சொல் வந்தால் ‘எஸ்’ மறைந்துவிடும். ‘மழை பெய்கிறது’ என்று சொல்ல வரும் ‘எஸ்’ மட்டும் எங்கே வைத்தாலும் மறையாது. ஆக, வெற்றுச் சொல்லிலும் வகைகள் உண்டு. மழையைச் சொல்லும் ‘இட்’ முழு வெறுமை இல்லை, பாதி எழுவாய் என்று சாம்ஸ்கியும் பிரித்தே வைத்தார்.

எனக்கு இதைவிட நிறைவு தந்தது ஆங்கிலத்தின் வரலாறுதான். பழைய ஆங்கிலத்தில் எழுவாயே இல்லாத வாக்கியங்கள் இருந்தன. ஷேக்ஸ்பியர் காலம்வரை புழங்கிய ‘மீதிங்க்ஸ்’ அதன் மிச்சம். அதிலுள்ள ‘திங்க்ஸ்’ ‘நினை’ இல்லை, ‘தோன்று’ என்ற பொருளுடைய வேறொரு பழைய வினை. ‘மீ’ நான்காம் வேற்றுமை. அதாவது, ‘எனக்குத் தோன்றுகிறது’. அப்படியே நம் வாக்கியம்! முதல் தடவை இதைப் படித்த அன்று, அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. பிறகு ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் தேய்ந்தன. யார் எழுவாய், யார் செயப்படுபொருள் என்பதைச் சொல்லின் இடம்தான் காட்ட வேண்டும் என்றானது. வினைக்கு முன்னால் உள்ள இடமும் கட்டாயமாகிவிட்டது.

தமிழில் உருபுகள் இருக்கின்றன, அதனால் அந்த நெருக்கடி இல்லை. ‘வந்தேன்’ என்றால் ‘நான்’ என்ற தோன்றா எழுவாயை வருவித்துக்கொள்ளலாம். ‘இருட்டுகிறது’, ‘எனக்குப் பசிக்கிறது’ என்பவற்றில் வருவிக்கக்கூட ஒன்றுமில்லை, ‘அது இருட்டுகிறது’ என்று நாம் சொல்வதும் இல்லை. அப்புறம் இன்னொன்று: துணைவாக்கியத்தைக் கடைசிக்குத் தள்ளுவதை நாமும் பேச்சில் செய்கிறோம். ‘எனக்கு அப்பவே தெரியும், அவன் வரமாட்டான்னு.’ ‘வரமாட்டான்னு’ என்பது வினையைத் தாண்டிப் போய்விட்டது, அது விட்டுச் சென்ற இடத்தில் எந்தச் சொல்லையும் நாம் வைக்கவில்லை.