பிரசவத்தைப் படமெடுக்கும் வேலை: ஒரு விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவியின் தாய்க்கு

அம்மா, பிரசவத்தைப் படமெடுப்பதையே தொழிலாக்கிக்கொள்ளப் போவதாக மகள் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் சோறு கிடைக்குமா, நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்குமா என்பவை உங்கள் கேள்விகள். ஓடத்தான் வேண்டும். சோறு, பிரசவத்தை மட்டும் நம்பினால் கிடைக்காது.

கணக்கைப் பாருங்கள். 38 முதல் 42 வாரத்துக்குள் குழந்தை எந்த நேரமும் பிறக்கலாம். ஒரு குடும்பத்திடம் முன்பணம் வாங்கிவிட்டால் அந்த நான்கு வாரமும் வெளியூர் போக முடியாது. போனை அணைக்க முடியாது. முகூர்த்த நாளில் கல்யாண ஆர்டரை நம்பி எடுக்கவும் முடியாது. எனவே மாதத்துக்கு இரண்டு மூன்று பிரசவங்களே தாங்கும். இருவருக்கு ஒரே ராத்திரி வலி கண்டால் பதிலுக்கு யார் போவார் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். நாள் குறித்துச் செய்யும் சிசேரியனில் காத்திருப்பு இல்லை; ஆனால் ஆபரேஷன் தியேட்டர் கதவு திறப்பதுதான் கஷ்டம்.

அந்தக் கதவைப் பற்றித்தான் மகள் அதிகம் யோசிக்க வேண்டும். அரசு மருத்துவமனையை மறந்துவிடலாம்: ஒரே அறையில் பல தாய்மார் இருக்கும் இடத்தில் வெளியாள் கேமராவோடு நிற்பது நியாயமும் இல்லை. தனியாரில் மகப்பேறு மருத்துவர், நிர்வாகம், மயக்க மருத்துவர் மூவரும் சம்மதிக்க வேண்டும். மூன்றாமவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; தியேட்டரில் மகள் நிற்கப்போவது அவர் பக்கத்தில், தாயின் தலைமாட்டில். 34-வது வாரத்துக்குள் தாயே மருத்துவரிடம் பேச்சை எடுத்து, ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவது நல்லது. பணம் கொடுப்பவர் கணவராக இருக்கலாம், சம்மதம் தாயுடையது. வலியில் துடிக்கும்போது வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்லக் கூடாது. மருத்துவர் ‘நிறுத்து’ என்றால் கேமரா கீழே இறங்கும் என்பதும், உள்ளே விடவில்லையென்றால் வராந்தாவிலிருந்து எடுப்பதற்கு எவ்வளவு கட்டணம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பிற்பாடு சண்டை வருவது பெரும்பாலும் இந்தக் கடைசி வரி இல்லாததால்தான்.

கருவி விஷயத்தில் ஒரு சிக்கல். கல்யாணத்துக்குக் கேமராவை நாள் வாடகைக்கு எடுக்கலாம். பிரசவத்துக்கு எந்த நாள் என்று எடுப்பது? சொந்தமாகவே வேண்டும். பழையதானாலும் சரி, சத்தமில்லாத ஷட்டரும் இரண்டு மெமரி கார்டு இடமும் உள்ள மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா பாடி, குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கும் 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், மூன்று பேட்டரி. ஃப்ளாஷ் கூடாது, ஃபோகஸுக்கு உதவும் சின்ன விளக்கையும் அணைத்துவிட வேண்டும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 3200, 6400 வரை போகும்; படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிந்தால் தெரியட்டும். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எல்இடி விளக்கு படத்தில் பட்டை பட்டையாக விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். கேமராவின் ஆட்டோ அமைப்பை நம்பினால் தியேட்டர் விளக்கின் கீழ் குழந்தை வெள்ளையாக வெந்துவிடும். குழந்தையின் தோலுக்கு ஒளியை அளந்து, கேமராவை மேனுவலில் வைக்க வேண்டும். குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மருக்கு மாற்றியதும் எல்லாம் ஆரஞ்சாகும், ஆகவே பிறகு நிறத்தைத் திருத்த வசதியான ரா கோப்பாகவே எடுப்பது உத்தமம்.

தியேட்டரில் கிருமி நீக்கிய பச்சைத் துணி விரித்த இடத்திலிருந்து குறைந்தது ஒரு அடி தள்ளி நிற்க வேண்டும். கேமரா வார் தொங்கித் துணியில் பட்டால் அந்தத் துணியையே மாற்ற நேரும், மறுமுறை அழைக்கமாட்டார்கள். முழங்காலை விறைத்தபடி நின்றால் மயக்கம் வரும், சாப்பிடாமல் போனால் நிச்சயம் வரும். சளி, காய்ச்சல் இருந்தால் போகவே கூடாது. தலைப்பிரசவத்தில் முதல் வலிக்கே ஓடினால் வராந்தாவில் ஒரு பகல் போகும்; கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்ததும் அழைக்கச் சொல்லலாம். இரண்டாவது பிரசவம் என்றால் அவ்வளவு காத்திருக்கக் கூடாது. படத்தைக் கொடுக்குமுன் கேஸ் ஷீட்டிலும் கைப்பட்டையிலும் உள்ள பெயர், எண்ணை மறைக்க வேண்டும். குடும்பத்துக்கு மட்டுமான படங்கள் ஒரு ஃபோல்டரில், பிறருக்குக் காட்டக்கூடியவை வேறொன்றில்.

வருமானம் சங்கிலியாக வரும். வளைகாப்பில் படமெடுக்கும் பெண்ணைத்தான் பிரசவத்துக்கும் கூப்பிடுவார்கள். பிறகு தொட்டில், பேர் வைப்பது, முதல் பிறந்தநாள். திருஷ்டி என்று முதல் மாதம் குழந்தையைப் படமெடுக்க விடாத வீடுகள் நிறைய. அவர்களிடம் வற்புறுத்தாமல் முப்பதாம் நாளுக்குப் பேசி வைப்பது புத்திசாலித்தனம். லேபர் வார்டில் ஆண் ஒளிப்படக்காரரை ஏற்காத குடும்பங்கள் அதிகம் என்பதால் உங்கள் மகளுக்கு இதில் போட்டி குறைவு.

டிகிரியை முடிக்கட்டும், அதில் சமரசம் வேண்டாம். முடித்தபின் ஆறு மாதம் பச்சிளங்குழந்தை படமெடுக்கும் ஸ்டுடியோவில் உதவியாளராக இருந்தால் குழந்தையைத் தூக்கும் பழக்கம் வரும். கன்னத்தைக் கையில் தாங்கியபடி குழந்தை ‘உட்கார்ந்திருக்கும்’ படம், தலையையும் கையையும் மாறி மாறிப் பிடித்து எடுத்த இரண்டு படங்களின் ஒட்டு என்பதையும் அங்கேதான் கற்பாள். செஞ்சிலுவைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ முதலுதவிப் பயிற்சி எடுக்கட்டும். டூவீலர் ஓட்டும் உரிமமும், ராத்திரி இரண்டு மணிக்குக் கூடவர வீட்டில் ஒருவரும் தேவை. இந்த விடுமுறையில் உறவில் யாருக்காவது வளைகாப்பு இருந்தால், ஃப்ளாஷ் இல்லாமல் ஒரே 35 எம்எம் லென்ஸில் முழுவதையும் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படங்களோடு அவளையும் அழைத்து வாருங்கள்.