கொழுக்கட்டைப் புல்: கொறங்காட்டுக்காரர்களின் கேள்விகள்

கே: பங்குனியிலேயே கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த எங்கள் மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல் கருகி, தொட்டால் நொறுங்குகிறது. செத்துவிட்டதா? உழுதுவிட்டுப் புதிதாக விதைக்கலாமா? (மூலனூர்)

ப: உழவு மட்டும் ஓட்டிவிடாதீர்கள். மண்வெட்டியால் ஒரு தூரைக் கொத்திப் பாருங்கள். மேல் தாள் வைக்கோலாகக் கிடந்தாலும், மண்ணை ஒட்டிய அடித்தண்டு லேசாகப் பருத்திருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே ஈரம் தெரியும். அடுத்த துளிர்ப்புக்கான சேமிப்பு அங்கேதான். வேரும் நல்ல ஆழம் போகிற வேர். சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்தால் தூர் பச்சை கட்டும்.

கே: போன மாதம் அறுத்த விதையை விதைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. (வெள்ளகோவில்)

ப: புது விதை உறங்கும். ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்து விதையுங்கள். பஞ்சு மாதிரி காற்றில் பறக்கும் என்பதால் ஈர மணலோடு பிசைந்து தூவி, மேலாகக் கிளறிவிட்டால் போதும். ஆழமாகப் புதைத்தால் மேலே வராது.

கே: அப்பா காலத்தில் இடுப்பளவு நின்ற புல், இப்போது வேலியோரம் மட்டும்தான் இருக்கிறது. மழை குறைந்ததாலா? (தாராபுரம்)

ப: வேலியோரத்தில் மட்டும் நிற்கிறதே, அங்கே வேறு மழையா பெய்கிறது? கிளுவை வேலியின் முள்ளுக்குள் ஆட்டின் வாய் போகவில்லை, அவ்வளவுதான். மாடு நாக்கால் சுற்றி இழுத்து மேய்வதால் அடித்தாள் கொஞ்சம் மிஞ்சும். ஆடு தரையோடு கடிக்கும். துளிர்த்ததும் கடிபட்டால் தூர் தன் சேமிப்பைச் செலவழித்து மறுபடி துளிர்க்கும். இப்படி நாலைந்து தடவை நடந்தால் காலிதான். கிளுவைப் போத்து (கிளைத் துண்டு) நட்டுக் காட்டைப் பல தடுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் படல் (வாசலை மூடும் தட்டி) வைத்தது இதற்காகத்தான். ஒரு தடுப்பைப் படல் சாத்தி விதை உதிரும்வரை விட்டுவையுங்கள். திறக்கும்போது மாடு முதலில், ஆடு அப்புறம். வெள்வேல மரங்களை வெட்டாதீர்கள். கோடையில் புல் இல்லாதபோது உதிர்கிற காய்தான் ஆட்டுக்குத் தீனி. சீமைக் கருவேலங்கன்றை மட்டும் வேரோடு பிடுங்குங்கள்.

கே: தென்னந்தோப்பு நிழலில் வருமா? (பொள்ளாச்சி)

ப: சோனியாகத்தான் வரும். வெயிலும் தண்ணீர் தேங்காத நிலமும் வேண்டும்.

கே: அமெரிக்காவின் அரிசோனாவில் இதைக் களை என்று பிடுங்குகிறார்களாமே? (காங்கேயம்)

ப: உண்மைதான். இதே புல்தான். ஆப்பிரிக்கா முதல் இந்தியா வரை இயல்பாக வளர்வதை அங்கே மேய்ச்சலுக்கென்று கொண்டுபோனார்கள். அந்தப் பாலையில் கள்ளிகளுக்கு நடுவே இடைவெளி இருந்ததால் தீ பரவ வழியில்லை. இந்தப் புல் அந்த இடைவெளியை அடைத்துக் காய்ந்து நிற்கிறது. ஒரு பொறி போதும், தீக்குப் பழக்கமில்லாத சாகுவாரோ கள்ளிகள் கருகிவிடும். இங்கே எரிகிற அளவுக்கு நம் ஆடுகள் மிச்சம் வைத்தால்தானே!