கொலை வழக்கில் தம்பி தானே வாதாடலாமா?

கேள்வி: என் தம்பி மேல் கொலை வழக்கு. ஒன்பது மாதமாகச் சிறையில் இருக்கிறான். வைத்த வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் தீர்ந்துவிட்டது. அவரும் கடைசி இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை. “நடந்தது எனக்குத்தானே தெரியும், செஷன்ஸ் கோர்ட்டில் நானே வாதாடிக்கொள்கிறேன்” என்கிறான். சட்டத்தில் இடம் இருக்கிறதா? விடலாமா?
– விருதுநகர் வாசகி

பதில்: இடம் இருக்கிறது, சகோதரி. ஆனால் தயவுசெய்து விடாதீர்கள்.

அரசியல் சாசனம் 22(1) விரும்பிய வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. வைத்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆபத்து குறுக்கு விசாரணையில் இருக்கிறது. போலீசிடம் ஒன்று சொன்ன சாட்சி கூண்டில் வேறொன்று சொன்னால், அந்த முரண்பாடு தானாகப் பதிவாகிவிடாது. பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதுச் சட்டம்) 180-ம் பிரிவின்படி போலீஸ் எழுதிய வாக்குமூலத்தின் குறிப்பிட்ட வரியைச் சாட்சியிடமே காட்டிக் கேட்க வேண்டும். அவர் “அப்படிச் சொல்லவில்லை” என்று மறுத்தால், பிறகு விசாரணை அதிகாரி கூண்டேறும்போது, “இந்தச் சாட்சி உங்களிடம் இப்படித்தான் சொன்னாரா?” என்று கேட்டு, அவர் பதிலையும் பதிவாக்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வி விட்டுப்போனால் முரண்பாடு நிரூபணம் ஆகாது. இரண்டு பேரின் விசாரணைக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விழும் என்பதால், பழகாதவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

அதைவிட மோசமான பள்ளம் ஒன்று உண்டு. “நான் வந்தப்போ நீ திண்ணையிலதானே இருந்தே?” என்று உங்கள் தம்பி ஒரு சாட்சியைக் கேட்டுவிட்டால், சம்பவ இடத்தில் தான் இருந்ததை அவரே சொல்லிவிட்டார். “என்று சொன்னால் சரிதானே?” என்று வக்கீல் போடும் கேள்வியைக்கூடக் கட்சிக்காரருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம் என்று 2023-ல் பாலு சுதாம் கால்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தானே கேட்பவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

பணத்துக்காகக் கலங்க வேண்டாம். 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ம் பிரிவுப்படி, காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நீங்கள் மனு எழுதலாம், தம்பி சிறைக் கண்காணிப்பாளர் மூலம் கொடுக்கலாம், 15100 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். மனுவில் குற்ற எண், காவல் நிலையம், வழக்கு எண், அடுத்த வாய்தா தேதி நான்கும் இருக்கட்டும். வாய்தா நெருங்கிவிட்டால் தம்பி நீதிபதியிடம் நேரடியாகவே கேட்கலாம்: வசதி இல்லாதவருக்கு வக்கீல் அமர்த்துவது பி.என்.எஸ்.எஸ். 341-ன்படி செஷன்ஸ் கோர்ட்டின் கடமை. ஆயுள், தூக்கு வரை போகக்கூடிய வழக்குகளுக்குக் குறைந்தது 10 வருட அனுபவம் உள்ளவரை அமர்த்த வேண்டும், தயாராக அவருக்குப் பொதுவாகக் குறைந்தது 7 நாள் தரவேண்டும் என்று அனோகிலால் வழக்கில் 2019-ல் தீர்ப்பு இருக்கிறது. மனுவிலேயே அதைக் குறிப்பிடுங்கள்.

பழைய வக்கீலிடமிருந்து கேஸ் கட்டை வாங்கிவிடுங்கள். ஃபீஸ் பாக்கியைக் காட்டிக் கட்டைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை கிடையாது. 2000-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

நடந்தது தனக்குத்தான் தெரியும் என்று தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. அந்த அறிவைப் புது வக்கீல் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் சாட்சிக்கு ஒரு பக்கம்: போலீசிடம் அவர் சொன்னது, அதில் எது பொய், அது பொய் என்று காட்ட யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சேர்ந்த தேதியும் நேரமும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பதிவான நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்றும் எழுதட்டும். காரணமில்லாத தாமதம் நல்ல வக்கீலுக்குப் பெரிய பிடி.

தம்பி தன் வாயாலேயே பேசும் கட்டமும் வரும். அரசுத் தரப்பு சாட்சிகள் முடிந்ததும், பி.என்.எஸ்.எஸ். 351-ன்படி நீதிபதி அவரையே கேள்வி கேட்பார். அங்கே சத்தியப் பிரமாணம் இல்லை, பதில் சொல்ல மறுத்ததற்குத் தண்டனையும் இல்லை. ஆனால் சொன்ன பதிலைத் தீர்ப்பில் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே வக்கீலோடு உட்கார்ந்து பேசிவிட்டே பதில் சொல்லட்டும். கோர்ட் அனுமதித்தால் எழுத்து மூலமும் தரலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வக்கீல் வராத அந்த இரண்டு வாய்தாவில் என்ன நடந்தது என்று நாளைக்கே பாருங்கள். சாட்சி யாராவது விசாரிக்கப்பட்டு, “குறுக்கு விசாரணை இல்லை” என்று பதிவாகியிருந்தால், அவரைத் திரும்ப அழைக்க பி.என்.எஸ்.எஸ். 348-ன் கீழ் மனுப் போட வேண்டும். புது வக்கீல் வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும். நாள் தள்ளத் தள்ள அந்த மனு தள்ளுபடியாகும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போகும்.