டர்போ போச்சு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பழைய இயந்திரங்கள் பற்றி நீங்கள் எழுதியவற்றைத் தேடித் தேடிப் படிப்பவன் நான். என்னிடம் 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இருக்கிறது. மூன்றாவது கை. கல்லூரியில் படிக்கும்போது அவினாசி சாலையில் பார்த்து மயங்கிய கார். சில மாதங்களாக மேட்டில் இழுவை இல்லை. மூவாயிரம் ஆர்பிஎம் தாண்டினால் 'உஸ்' என்று சத்தம். என்ஜின் விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்தபோது 17705 என்று ஒரு எண் வந்தது. "டர்போ போச்சு, புதுசு போடணும், ஒன்றரை லட்சம் ஆகும்" என்றார்கள். எப்படியும் மாற்றத்தான் போகிறாய், பெரிய டர்போவாகப் போட்டு, என்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றும் ரீமேப்பும் பண்ணிவிடு என்கிறார்கள் நண்பர்கள். காயலான் கடைக்குப் போடு என்கிறார் அப்பா. எனக்கு வீட்டிலேயே வேலை பார்க்க ஆசை. போர்டிகோவில் ஜாக்கி போட்டு அடியில் படுத்திருக்கும் படத்தை இணைத்திருக்கிறேன். சாவியை எடுத்த பிறகும் டர்போ ஆறும் வரை என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடும் டர்போ டைமர் போடலாமா என்றும் சொல்லுங்கள். ஆனால் என் உண்மையான கேள்வி வேறு. இருபது வயதான காரை வைத்துக்கொண்டு மாரடிப்பது அறிவுள்ள காரியம்தானா?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

முதலில் அந்தப் படம். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தைகள் இருக்கிறார்களா என்று தெரியாது. யாராவது இருப்பார்கள் அல்லவா? டிக்கியில் வரும் அந்த ஜாக்கி சாலையோரத்தில் டயர் மாற்றக் கொடுத்தது. அதன் மேல் கிட்டத்தட்ட ஒன்றரை டன் காரைத் தூக்கி, பக்கத்தில் ஒரு ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுத்துவிட்டு, அடியில் படுத்துச் சிரிக்கிறீர்கள். ஹாலோ பிளாக் விரிசல் விட்டுச் சொல்லிக்கொண்டு உடையாது. ஒரே நொடியில் பொடியாகிவிடும். தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஆக்ஸில் ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்காத வரை காருக்கு அடியில் உங்கள் கை கூடப் போகக் கூடாது. அதை வாங்கியபின் எனக்கு மறுபடி எழுதுங்கள். வாங்காமல் எழுதினால் பதில் வராது.

சரி. உங்கள் கடிதத்தைப் படித்த உடனே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. எது கெட்டாலும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடும் இந்தப் பழக்கத்தின் மேல் கொஞ்ச காலமாகவே எனக்கு எரிச்சல். அண்மையில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறவில்லை. வந்த பையன் மெஷினைத் தொடக்கூட இல்லை, போர்டு மாற்ற வேண்டும் என்றான். அவனை அனுப்பிவிட்டுக் குழாய் சேருமிடத்தைக் கழற்றினால், உள்ளே இருந்த சின்ன வலையில் உப்பும் மண்ணும் கட்டியாக அடைத்திருந்தது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிப் போட்டேன். இன்றுவரை ஓடுகிறது. அந்தப் பையனைத் திட்டி என்ன பயன்? போர்டு மாற்றினால்தான் அவனுக்குக் கமிஷன் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் கார் உங்களுடையது, ஆசையும் உங்களுடையது. நீங்களுமா அப்படியே நம்புவது?

அந்த 17705 என்ற எண் என்ன சொல்கிறது என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டீர்களா? வீட்டுக்கு வந்து தேடியாவது பார்த்தீர்களா? டர்போவுக்கும், என்ஜின் வாயில் காற்றைத் திறந்து மூடும் திராட்டிலுக்கும் நடுவே அழுத்தம் குறைகிறது என்பதுதான் அதன் பொருள். டர்போ காற்றை அடைத்துத் தள்ளுகிறது, அது என்ஜினுக்குப் போய்ச் சேருவதற்குள் வழியில் எங்கோ வெளியேறுகிறது என்று கார் சொல்கிறது. நீங்கள் கேட்கும் 'உஸ்' சத்தமும் அதையேதான் சொல்கிறது. கார் இரண்டு விதமாகச் சொல்லியும், கேட்க வேண்டியவர்கள் காதில் ஒன்றரை லட்சம் என்றுதான் விழுந்திருக்கிறது. மைலேஜும் குறைந்திருக்குமே? காற்று எவ்வளவு உள்ளே வருகிறது என்று ஏர் ஃபில்டர் பக்கத்திலேயே ஒரு சென்சார் அளந்துவிடுகிறது. அந்தக் கணக்குக்குத்தான் பெட்ரோல் ஊற்றப்படுகிறது. அளந்த காற்றில் பாதி வழியிலேயே ஓடிவிட்டால், ஊற்றிய பெட்ரோல் கறுப்புப் புகையாகப் போகும்.

டர்போ உண்மையிலேயே செத்திருந்தால் அதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. சைலன்சரில் நீலப் புகை, ஆயில் குறைவது, சைரன் மாதிரி ஒரு கூவல். சந்தேகம் இருந்தால் என்ஜின் நன்றாக ஆறிய பிறகு டர்போ வாயில் இருக்கும் ஹோஸைக் கழற்றிவிட்டு, உள்ளே தெரியும் சின்ன விசிறியின் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆடும். அது தப்பில்லை. அந்தத் தண்டு சுற்றுவது ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல். ஆயில் நிற்க இடம் வேண்டும் அல்லவா? ஆனால் முன்னும் பின்னும் ஆடக் கூடாது. விசிறியின் ஓரம் சுற்றியிருக்கும் கூட்டில் உரசிய தடமும் இருக்கக் கூடாது. இரண்டும் இல்லை என்றால் உங்கள் டர்போ நன்றாக இருக்கிறது. ஒன்றரை லட்சத்தை வங்கியில் போடுங்கள்.

என் அப்பா உடுமலைப்பேட்டைப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். வியாபாரம் தெரியாத மனிதர் என்பாள் அம்மா. அது உண்மைதான். அவசரமாக வருகிறவர், "டியூப் போச்சுங்க, புதுசாப் போட்டு விடுங்க" என்பார். புது டியூப் போட்டால் ஐந்து நிமிட வேலை, லாபமும் அதிகம். அப்பா கேட்க மாட்டார். முதலில் வால்வு வாயில் எச்சில் தொட்ட விரலை வைப்பார். அந்த எச்சில் குமிழ் விட்டால் வேலை அங்கேயே முடிந்தது. கெட்டது உள்ளே இருக்கும் வால் டியூப், சில பைசா சமாச்சாரம். குமிழ் வரவில்லை என்றால்தான் டயரைக் கழற்றுவார். டியூபில் காற்றடித்துத் தகரத் தொட்டித் தண்ணீரில் சாணளவு சாணளவாக முக்கி, அழுத்திப் பார்ப்பார். குமிழ் வந்த இடத்தில் காப்பியிங் பென்சிலால் சுழித்துவிட்டு அதோடு நிறுத்த மாட்டார். முழு வட்டமும் முடிக்க வேண்டும். வேலமுள் ஒரு ஓட்டையோடு விடுவது அபூர்வம் என்பார். அப்புறம் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவி முள்ளைத் தேடுவார். முள் கிடைக்காமல் ஒட்டுப்போட மாட்டார். இதற்குள் வாடிக்கையாளரின் பஸ் போயிருக்கும். எதிர்க் கடைக்குப் போனவர்கள் பல பேர். திரும்பி வந்தவர்களும் உண்டு, அடுத்த வாரமே அதே சக்கரத்தோடு. அப்போது அப்பா அவர்களைத் திட்டும் திட்டு இருக்கிறதே, அதைக் கேட்பதற்கென்றே நாங்கள் பிள்ளைகள் கடை வாசலில் நிற்போம்.

உங்கள் காருக்குச் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய இதுதான். காரை டியூப் மாதிரித் தண்ணீரில் முக்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஹார்டுவேர் கடையில் மூன்று அங்குல பிவிசி மூடி ஒன்று வாங்குங்கள். நடுவே துளையிட்டு ஒரு டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்துங்கள். காற்றளவு சென்சாருக்கு அடுத்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் வாயில் அந்த மூடியைச் செருகிக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். மூடியின் அளவு ஹோஸுக்குச் சரியாக இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். என்ஜின் அணைந்து ஆறியிருக்க வேண்டும். காற்றடிக்கும் பம்ப்பில் ஏழெட்டு பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் வேண்டாம், என்ஜினின் ஆயில் சீல்கள் அதைத் தாங்கச் செய்தவை அல்ல. அப்புறம் சத்தமில்லாத நேரமாகப் பார்த்துக் காதைக் கொடுங்கள். பாத்திரம் விளக்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி ஒவ்வொரு இணைப்பாக அடியுங்கள்.

எங்கே பார்ப்பது? டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்க, பம்பர் மூலைக்குள் ஒளிந்திருக்கும் இன்டர்கூலரின் இரண்டு பக்க ஹோஸ்களையும் பாருங்கள். வளைவின் அடிப்பக்கத்தில்தான் வெடிப்பு இருக்கும், மேலே இருந்து தெரியாது. கையை விட்டுத் தடவினால் ஆயில் பிசுபிசுப்பும் அதில் ஒட்டிய தூசியும் விரலில் வரும், அந்த இடம்தான். என்ஜினிலிருந்து வரும் ஆயில் ஆவி ரப்பரை இருபது வருடமாக ஊற வைத்திருக்கிறது. அதனால் ஒரு ஹோஸ் கொழகொழவென்று இருக்கும், என்ஜினுக்குக் காற்றைப் பங்கிடும் இன்லெட் மேனிஃபோல்டுக்கு அடியில் போகும் இன்னொன்று தொட்டாலே பிஸ்கட்டாக உதிரும். அப்புறம், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மிஞ்சும் அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு. கறுப்பாக, உருண்டையாக, தலையில் மெல்லிய ஹோஸோடு இருக்குமே, அதுதான். அதைக் கழற்றி உள்ளே இருக்கும் தட்டை விரலால் மேலே தள்ளி, மெல்லிய மூக்கை இன்னொரு விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். தட்டு அப்படியே மேலே நின்றால் நல்லது. மெல்ல மெல்ல இறங்கி வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது. எங்கள் அப்பாவின் எச்சில் விரலுக்கு இதுதான் சமம். அதனால் மூடி செய்கிற வேலைக்கே போகும் முன் இதை முதலில் பாருங்கள்.

ஒன்று கிடைத்ததும் ஆனந்தக் கூத்தாடிக் கடையைக் கட்டிவிடாதீர்கள். முழு வட்டமும் முடியுங்கள். ஒரே வயதுள்ள ரப்பர்கள், ஒரே சூட்டில் வெந்தவை. ஒன்று போயிருந்தால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று பொருள். முள்ளையும் தேடுங்கள். ஹோஸ் ஏன் கிழிந்தது? என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுன்ட் தளர்ந்து என்ஜின் ஆடுகிறதா? கிளாம்ப் வெட்டியதா? அதைப் பார்க்காமல் புது ஹோஸ் போட்டால் எதிர்க் கடைக்குப் போனவர்கள் கதைதான்.

டர்போ கார்களின் கதையே இப்படித்தான் தொடங்கியது. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்று ஒரு கார் வந்தது. கடைக்கு வந்த முதல் டர்போ கார்களில் ஒன்று. பெட்ரோல் தாறுமாறாக வெடித்து என்ஜின் தட்டாமல் இருக்கக் காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது தீர்ந்துபோனால் கார் தானே டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். வாங்கியவர்கள் பலர் ஊற்றவே இல்லை, இழுவை இல்லை என்று புகார் மட்டும் சொன்னார்கள். கடைசியில் 1965-ல் கம்பெனியே கார்களைத் திரும்ப அழைத்து, டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் போட்டுக் கொடுத்தது. தொட்டியை யாரும் திறந்து பார்க்காததற்குத் தண்டனை டர்போவுக்கு! உங்கள் ஒர்க்‌ஷாப்காரர்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

ரீமேப் பற்றி ஒரு வரி. காற்று ஒழுகும் காரில் ரீமேப் செய்தால், கேட்ட அழுத்தம் வரவில்லையே என்று கம்ப்யூட்டர் டர்போவை இன்னும் வேகமாகச் சுற்ற வைக்கும். அப்போது நிஜமாகவே டர்போ போகும். ஐரோப்பாவில் இதே ஆர்எஸ் 180 குதிரைத்திறனோடு வந்தது, நமக்கு 150-தான் கொடுத்தார்கள் என்ற குறை எல்லோருக்கும் உண்டு. முதலில் அந்த 150-ஐ முழுதாக மீட்டெடுங்கள், அப்புறம் பேசலாம். நண்பர்களிடம் பெரிய டர்போவுக்கு அவர்களே பாதிப் பணம் போடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

டர்போ டைமர் வேண்டாம். கடைசி இரண்டு கிலோமீட்டர் மிதமாக ஓட்டி வந்து நிறுத்தினால் போதும். திருப்பூர் நெரிசலில் வேறு எப்படி ஓட்ட முடியும்? ஆயில் மட்டும் ஃபோக்ஸ்வாகனின் 502.00 தரச் சான்று போட்ட முழு சிந்தெட்டிக், கம்பெனி சொல்லும் கெடுவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். மலிவு ஆயில் டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாயில் கரியாக உறையும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவருக்கே தெரியாதென்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது மட்டும் வீட்டில் செய்யும் வேலை இல்லை. ஒரு பல் தப்பினால் இருபது வால்வும் பிஸ்டனோடு சண்டை போடும்.

நீங்கள் கேட்டது அறிவுள்ள காரியமா என்று அல்லவா? அதற்கு என்னிடம் ஏன் வருகிறீர்கள்? பதினைந்து வருடம் முடிந்து ஆர்டிஓ அலுவலகத்தில் ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஒரு காரை வைத்திருப்பவருக்கு இதற்கான பதில் தெரியும். அப்பாவிடம் சண்டை போடாதீர்கள். சோப்புத் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுங்கள். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் காற்றடிக்க, ஒருவர் பார்க்க. காயலான் கடை என்று சொன்ன மனிதர் குமிழைப் பார்த்ததும் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.

உதிரி பாகத்துக்குப் போகும்போது கிழிந்த ஹோஸைக் கையோடு எடுத்துப் போங்கள். அதன் மேல் 06ஏ என்றோ 1ஜே0 என்றோ தொடங்கும் எண் அச்சாகியிருக்கும், கொஞ்சம் துடைத்தால் தெரியும். உங்கள் காரும் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் நான்காம் தலைமுறையும் ஒரே அடித்தளம் என்பதால் உலகம் முழுக்க அந்த எண்ணுக்குப் பொருள் கிடைக்கிறது. கடைக்காரர் அதே மாதிரிதான் இருக்கிறது என்று அடுத்த தலைமுறை ஆக்டேவியாவான லாராவின் ஹோஸையோ டீசல் ஆக்டேவியாவின் ஹோஸையோ நீட்டுவார். எண் ஒத்துப் போகாமல் பணம் கொடுக்காதீர்கள்.